எஞ்சின் மாற்றிய வண்டியில் விட்டு விட்டு வரும் எலக்ட்ரானிக் த்ராட்டில் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆக்ஸிலரேட்டர் செத்துப்போகிறது. கீயை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் சரியாகிவிடுகிறது. ஏன்?

ஈசியூவே, அதாவது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரே, த்ராட்டிலைக் கைவிடுகிறது என்று பொருள். எலக்ட்ரானிக் த்ராட்டிலில் பெடலுக்கும், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்கும் நடுவே கேபிள் இல்லை. பெடலில் இரண்டு சென்சார், த்ராட்டில் பாடியில் இரண்டு சென்சார், பிளேட்டைத் திருப்ப ஒரு டிசி மோட்டார், அவ்வளவுதான். இரண்டு சென்சாரும் சொல்லும் கணக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டாலோ, கேட்ட அளவுக்கு பிளேட் திறக்காவிட்டாலோ, ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் ஈசியூ மோட்டாருக்குப் போகும் கரண்ட்டை நிறுத்திவிடும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிளேட்டை ஐடிலைவிடச் சற்றே அதிகமான திறப்பில் நிறுத்தும். இதுதான் லிம்ப் மோட்.

கீயை மறுபடி ஆன் செய்யும்போது ஈசியூ தன் சோதனையை முதலிலிருந்து நடத்துகிறது. அந்த நேரத்தில் கோளாறு இல்லையென்றால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே கீயைப் போட்டு எடுத்ததும் சரியாவதை மட்டும் வைத்து, ஈசியூ கெட்டிருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது.

த்ராட்டில் பாடியை மாற்றிவிட்டால் போதுமா?

கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் வண்டியில் அது நியாயமான சந்தேகம். எஞ்சின் மாற்றிய வண்டியில் அதைக் கடைசியில் வையுங்கள். இங்கே இரண்டு வண்டிகளின் வயரிங் ஒன்றாகச் சேர்கிறது: எஞ்சின் ஹார்னஸ் (வயர் கட்டு) ஒரு வண்டியது, எர்த், பேட்டரி, கீ, பிரேக் சுவிட்ச் இன்னொரு வண்டியது, பெடல் பல நேரம் மூன்றாவது வண்டியது. விட்டு விட்டு வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த இணைப்புகளில்தான் உட்கார்ந்திருக்கும். மனித கை பட்ட இடத்தை முதலில் பாருங்கள், பிறகு பார்ட்ஸைக் குறை சொல்லலாம்.

ஃபால்ட் கோடு எவ்வளவு தூரம் உதவும்?

ஸ்கேனரில் படிக்கும் இந்தக் கோடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று காட்டும். எந்த பார்ட்டை வாங்க வேண்டும் என்று காட்டாது. அடிக்கடி வருபவை இவை:

- பி2135: த்ராட்டில் பாடியின் இரண்டு சென்சாரும் ஒத்துப்போகவில்லை.
- பி2138: பெடலின் இரண்டு சென்சாரும் ஒத்துப்போகவில்லை.
- பி0122, பி0123, பி0222, பி0223: த்ராட்டில் சென்சார் சிக்னல் மிகக் கீழே அல்லது மிக மேலே.
- பி2122, பி2123, பி2127, பி2128: அதே சிக்கல் பெடல் சென்சாரில்.
- பி2100 முதல் பி2103 வரை: மோட்டார் சர்க்யூட்.
- பி2118: மோட்டார் கரண்ட் சரியில்லை.
- பி0641, பி0651: சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் சப்ளையில் கோளாறு.

கோடை அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை (கோளாறு வந்த கணத்தில் ஈசியூ பதிந்துவைத்த அளவுகள்) குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி வோல்டேஜ், ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம், பெடல் சதவீதம், த்ராட்டில் சதவீதம் ஆகிய ஐந்தும் போதும். கோளாறு வந்தபோது பேட்டரி வோல்டேஜ் 10-க்குக் கீழே இருந்ததா, பெடல் 0-விலா 40-லா என்பது தெரிந்தாலே தேடும் இடம் பாதியாகக் குறையும். கூடவே வேறு கோடுகள் உள்ளனவா என்றும் பாருங்கள். பி2135-உடன் பி0641-ம் வந்திருந்தால் த்ராட்டில் பாடியைத் தொட வேண்டாம்; 5 வோல்ட்டைத் தேடுங்கள்.

ஒரே பாகத்தின் இரண்டு சிக்னலும் ஒன்றாக எந்தப் பக்கம் போயின என்பதும் ஒரு துப்பு. இரண்டுமே 5 வோல்ட்டை நோக்கி ஏறியிருந்தால் பெரும்பாலும் சென்சார் எர்த் அறுந்திருக்கிறது. இரண்டுமே பூஜ்யத்துக்கு விழுந்திருந்தால் 5 வோல்ட் சப்ளை போயிருக்கிறது. ஒன்று மட்டும் தாவியிருந்தால் அந்த ஒரு சிக்னல் வயர், அதன் பின், அல்லது சென்சார்.

இரண்டு சென்சாரின் வோல்டேஜும் எப்படி இருக்க வேண்டும்?

தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மூன்று முறைகள் பரவலாக உண்டு. முதலாவது, ஒன்று ஏற மற்றது இறங்கும். இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஏறக்குறைய 5 வோல்ட். த்ராட்டில் பாடிகளில் இது அதிகம். இரண்டாவது, இரண்டும் ஏறும், ஆனால் ஒன்று மற்றதில் சரிபாதி. போஷ் பெடல்களில் இதைப் பார்க்கலாம். மூன்றாவது, இரண்டும் ஏறும், நடுவில் மாறாத இடைவெளி இருக்கும். டொயோட்டா பெடல்களில் பெடலை விட்ட நிலையில் ஒரு சிக்னல் 0.5 முதல் 1.1 வோல்ட், மற்றது 1.2 முதல் 2.0 வோல்ட் இருக்கும். இடைவெளி ஏறக்குறைய 0.8 வோல்ட்.

உங்கள் வண்டியில் எந்த முறை என்பதைக் கீ ஆன், எஞ்சின் ஆஃப் நிலையில் பெடலை மெல்ல அமுக்கி, இரண்டு மீட்டர் வைத்துப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 0, 25, 50, 75, 100 சதவீதம் என ஐந்து இடம் போதும். வண்டி நன்றாக இருக்கும் நாளில் எடுத்த இந்தக் கணக்கு பிறகு தங்கம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

எர்த்திலிருந்து. எஞ்சினை இறக்கி ஏற்றும்போது பிளாக்கிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை மறந்துபோகும், அல்லது பெயின்ட் அடித்த பிராக்கெட்டின் மேல் போல்ட் போடப்படும். செல்ஃப் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பி வர வழி தேடி ஈசியூவின் எர்த் வயர் வழியாகவும் கொஞ்சம் பாயும்.

ஓம் மீட்டரில் இதைப் பிடிக்க முடியாது. ஒரே ஒரு இழை தாங்கிக்கொண்டிருக்கும் எர்த் வயர்கூட மீட்டரில் நல்ல வயராகத்தான் தெரியும். வோல்டேஜ் டிராப் பாருங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டிலேயே வையுங்கள். கிளாம்பில் அல்ல, ஈயப் போஸ்ட்டில். சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான உலோகத்தில் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் பலவீனம். அடுத்து, எஞ்சின் ஐடிலில் ஓட, ஹெட்லைட், ஏசி, ரேடியேட்டர் ஃபேன், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டுவிட்டு, சிவப்பு முனையை ஈசியூவின் எர்த் பின்னில் பின்பக்கமாகச் சொருகிப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், 0.05-க்குள் இருந்தால் நிம்மதி. ஃபேன் ஆன் ஆகும் கணத்தில் எண் தாவுகிறதா என்பதையே முக்கியமாகக் கவனியுங்கள்.

பெடல் சென்சாரின் எர்த்தை பக்கத்தில் பாடியிலேயே கொடுத்துவிட்டேன். அதனால் என்ன?

அதுதான் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். சென்சார் எர்த் பாடி எர்த் அல்ல. அது ஈசியூவுக்கே திரும்பிப் போக வேண்டிய தனி வயர். பாடியில் ஃபேனும் பிரேக் லைட்டும் இழுக்கும் கரண்ட்டால் அந்த இடம் 0.2 வோல்ட் உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சிக்னலின் கூட்டுத்தொகை 5 ஆக இருக்க வேண்டிய சென்சாரில் அது 5.2 ஆகிவிடும். சரிபாதி வகையில் 1.0, 0.5 என்று இருந்தவை 1.16, 0.68 ஆகும்; 0.58 இருக்க வேண்டிய இடத்தில் 0.68. பெடலை யாரும் தொடாமலேயே கணக்கு உதைக்கிறது. மாறாத இடைவெளி வகையில் ஈசியூ இதைக் கண்டுகொள்ளாமல்கூடப் போகலாம், ஆனால் ஐடில் தானாக ஏறி இறங்கும்.

பிரேக் மிதித்தால், இண்டிகேட்டர் போட்டால், ஃபேன் ஓடினால் லிம்ப் மோட் வருகிறது என்ற புகார்களுக்கு முதல் பதில் இதுவே.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் பவர் போகிறது. எர்த் எல்லாம் பார்த்தாகிவிட்டது.

பிரேக் சுவிட்சைப் பாருங்கள். பல ஈசியூக்கள் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒன்றாக மிதித்தால் த்ராட்டிலை வேண்டுமென்றே மூடும். சில ஈசியூக்கள் இரண்டு பிரேக் சிக்னல் கேட்கும்: ஒன்று மிதிக்கும்போது மூடும் சுவிட்ச், மற்றது மிதிக்கும்போது திறக்கும் சுவிட்ச். பழைய வண்டியில் ஒரே சுவிட்ச்தான் இருக்கும். இரண்டாவது வயர் அந்தரத்தில் தொங்கும். ஸ்கேனர் லைவ் டேட்டாவில் பிரேக் பெடலை ஒரு மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டராக அமுக்கிப் பாருங்கள். இரண்டு சிக்னலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் மாற வேண்டும். பி0504 இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஈசியூ பவர் சப்ளையில் என்னென்ன தவறு நடக்கும்?

மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, த்ராட்டில் மோட்டாருக்கான தனி சப்ளை. டொயோட்டாவில் மோட்டாருக்கான பேட்டரி பவர் ஈசியூவின் +பிஎம் என்ற பின்னில் தனி ஃப்யூஸ் வழியாக வரும். மற்ற பவர் வயர்களை மட்டும் கொடுத்து இதை விட்டுவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஆனால் பி2118 வந்து த்ராட்டில் திறக்காது. வயர் கொடுத்து, ஃப்யூஸ் ஹோல்டர் தளர்ந்திருந்தால் மேட்டில் குதிக்கும்போது மட்டும் இதே கோடு வரும். நிசான் விக்யூ35 போன்ற எஞ்சின்களில் த்ராட்டில் மோட்டாருக்கென்றே ஒரு ரிலே உண்டு. டொனர் வண்டியின் (எஞ்சினைக் கழற்றியெடுத்த வண்டி) ரிலே பாக்ஸை விட்டுவிட்டு வந்தவர்கள் இங்கே மாட்டுவார்கள்.

இரண்டாவது, மெயின் ரிலே. பல ஈசியூக்கள் கீயை அணைத்த பிறகும் சில நொடி விழித்திருந்து த்ராட்டில் பிளேட்டின் மூடிய நிலையைக் கற்றுக்கொள்ளும். அந்த நேரத்தில் மெயின் ரிலேயைப் பிடித்துவைப்பது ஈசியூவே. நீங்கள் ரிலேயின் காயிலைக் கீ வயரிலேயே கட்டிவிட்டால் கீயை அணைத்த கணமே ஈசியூ உயிர் போய்விடும். கற்றல் பாதியில் நிற்கும். சோதிக்க எளிய வழி: கீயை அணைத்துவிட்டு த்ராட்டில் பாடி பக்கத்தில் காது வையுங்கள். சில நொடிகளுக்குள் மெல்லிய சத்தம் கேட்டு, பிறகு ரிலே 'டிக்' என்று விட வேண்டும். கீயோடு சேர்ந்தே 'டிக்' வந்தால் வயரிங் தவறு.

மூன்றாவது, கீ சுவிட்ச். பழைய வண்டியின் சுவிட்சில் தேய்ந்த காண்டாக்ட்டுகள் புது எஞ்சினின் லோடைத் தாங்காது. சாவிக் கொத்து ஆடும்போது பவர் ஒரு இமைப்பொழுது போகும். டிரைவர் அதை மிஸ்ஃபயர் என்று நினைப்பார். கீ வயர் ரிலே காயிலை மட்டும் இயக்கட்டும். கரண்ட் பேட்டரியிலிருந்து நேரே வரட்டும்.

வேறு வண்டியின் பெடலைப் பயன்படுத்தலாமா?

கனெக்டர் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் கூடாது. சென்சார் முறை வேறாக இருந்தால் ஈசியூ முதல் நொடியிலேயே மறுக்கும், அது நல்லது. ஏறக்குறைய பொருந்தும் பெடல்தான் ஆபத்து: பாதி வரை ஒத்துப்போய், முக்கால் மிதியில் விலகி, விட்டு விட்டு வரும் கோளாறாகத் தெரியும். ஜிஎம் எல்எஸ் எஞ்சின்களில் மூன்றாம் தலைமுறையில் த்ராட்டிலுக்கென்று தனி டிஏசி மாட்யூல் இருக்கும்; பெடல், டிஏசி மாட்யூல், பிசிஎம் (ஜிஎம்மின் ஈசியூ) மூன்றும் ஒரே செட்டாக வர வேண்டும். நான்காம் தலைமுறையில் அந்த வேலை ஈசிஎம்முக்குள்ளேயே, அதாவது ஈசியூவுக்குள்ளேயே போய்விட்டது. இரண்டையும் கலந்தால் எந்த வயரிங் திருத்தமும் உதவாது.

பெடல் பொருத்தப்பட்ட பிராக்கெட்டையும் கையால் அசைத்துப் பாருங்கள். மெல்லிய தகட்டில் வெல்ட் செய்த பிராக்கெட் முழு மிதியில் வளையும். பெடல் தரைவிரிப்பில் முட்டி நிற்கும். முழுதாக மிதித்தபோது ஸ்கேனரில் 100-க்குப் பக்கத்தில் வராமல் 82-ல் நின்றால் காரணம் எலக்ட்ரானிக்ஸ் அல்ல, கம்பளம்.

5 வோல்ட் விழுகிறது. எந்தச் சென்சார் இழுக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே 5 வோல்ட் லைனில் பெடல், மேப் சென்சார் (இன்டேக் காற்றழுத்தத்தை அளப்பது), ஏசி பிரஷர் சென்சார், ஆயில் பிரஷர் சென்சார் எனப் பலவும் தொங்கலாம். சப்ளையில் மீட்டரை வைத்து, 4.9 முதல் 5.1 வரை நிற்கிறதா பாருங்கள். விழுந்திருக்கும்போது கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 திரும்புகிறதோ அந்தச் சென்சார் குற்றவாளி. எதைக் கழற்றினாலும் திரும்பாவிட்டால் வயரே எங்கோ உரசுகிறது. எஞ்சின் ஸ்வாப்பில் பயன்படாமல் விட்ட கனெக்டர்களைக் குறிப்பாகத் தேடுங்கள்: மூடியில்லாமல் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) மீது தொங்கும் ஏசி சென்சார் கனெக்டரில் தண்ணீர் புகுந்தால் போதும், மழை நாளில் மட்டும் த்ராட்டில் போகும்.

லூஸ் காண்டாக்ட்டை நேரில் பிடிப்பது எப்படி?

மல்டிமீட்டர் இதற்கு மெதுவானது. சில மில்லிசெகண்ட் துண்டிப்பை அது காட்டாது. இரண்டு சேனல் ஸ்கோப்பில் இரண்டு சிக்னலையும் ஒன்றாக ஓடவிட்டு, கீ ஆன், எஞ்சின் ஆஃப் நிலையில் ஹார்னஸை ஃபயர்வாலிலிருந்து த்ராட்டில் பாடி வரை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்து வாருங்கள். கோடு நூல் பிடித்தாற்போல் இருக்க வேண்டும். ஊசிபோல் ஒரு குத்து விழுந்த இடத்தில் நில்லுங்கள்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் பிரேக்கைப் பிடித்து, கியரில் லேசாக லோடு கொடுக்க, மற்றவர் எதிரில் நிற்காமல் பக்கவாட்டில் நின்று ஹார்னஸைக் கவனிக்கட்டும். எஞ்சின் மவுண்ட்டில் சாயும்போது வயர் இறுகுகிறதா? ஸ்வாப்பில் நீளம் போதாமல் இழுத்துக் கட்டிய ஹார்னஸ்தான் பெரும்பாலும் இப்படி. எஞ்சினில் ஒரு கிளிப், பாடியில் ஒரு கிளிப், நடுவே 15 முதல் 20 செ.மீ. தளர்வான வளைவு இருக்க வேண்டும்.

அடுத்து பின்கள். அதே அளவுள்ள புது ஆண் பின் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பெண் பின்னிலும் சொருகி இழுங்கள். லேசான பிடிமானம் உணர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பின் விரிந்துவிட்டது. டெஸ்ட் லைட் முனையை யாரோ உள்ளே குத்தியிருப்பார்கள். ஒரு பக்கம் தங்க முலாம், மறுபக்கம் வெள்ளீய முலாம் என்று கலந்த பின்களும் நாளடைவில் அரிக்கும். கனெக்டரின் இரண்டாம் பூட்டு முழுதாக உட்காரவில்லையென்றால் ஏதோ ஒரு பின் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது.

மோட்டார் வயர்களுக்கு லோடு டெஸ்ட் வேண்டும். ஈசியூ பக்கமும் த்ராட்டில் பக்கமும் இரண்டு கனெக்டரையும் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு 21 வாட் பல்பு வழியாக வயரின் ஒரு முனைக்கும், மறு முனையிலிருந்து நெகட்டிவுக்கும் கொடுங்கள். ஏறக்குறைய 1.75 ஆம்பியர் ஓடும். 2 மீட்டர் நீளமுள்ள 0.75 சதுர மி.மீ. வயரில் டிராப் 0.1 வோல்ட்டுக்குள் அடங்க வேண்டும். வயரை அசைக்கும்போது பல்பு மினுக்கினால் இடம் கிடைத்துவிட்டது. ஈசியூ மாட்டியிருக்கும்போது இதைச் செய்தால் ஈசியூ போய்விடும், கவனம்.

சூடானால் மட்டும் வருகிறது.

வெப்பம் பட்ட வயர் எக்ஸாஸ்ட் பக்கம் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால்தான் த்ராட்டில் பாடி மோட்டாரைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது கனெக்டரைக் கழற்றி, மோட்டாரின் இரு பின்களுக்கு இடையே ரெசிஸ்டன்ஸைப் பாருங்கள். சில ஓம்கள் இருக்கும். பிளேட்டைக் கையால் மெல்லத் திருப்பும்போது எங்காவது எண் மேலே பறந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. விரலை உள்ளே விடுவதற்கு முன் கனெக்டர் கழன்றிருப்பதை இருமுறை பாருங்கள்; அந்த மோட்டார் விரலை நசுக்கும்.

மோட்டார் வயரை சென்சார் வயரோடு ஒரே கட்டாகக் கட்டலாமா?

வேண்டாம். மோட்டார் வயர்களில் துடிப்பு துடிப்பாக கரண்ட் போகிறது. அந்த இரண்டையும் 2 அல்லது 3 செ.மீ.க்கு ஒரு முறுக்கு என ஒன்றோடொன்று முறுக்கி, இக்னிஷன் காயில் வயரிலிருந்தும் சென்சார் வயரிலிருந்தும் தள்ளிக் கொண்டுபோங்கள். நீட்டிய இடங்களில் சால்டரைவிட நல்ல கிரிம்ப்பும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க்கும் அதிர்வைத் தாங்கும். சால்டர் வயருக்குள் ஏறிக் கெட்டியான இடத்தின் விளிம்பில்தான் வயர் ஒடியும்.

கேன் வயரிங் த்ராட்டிலைப் பாதிக்குமா?

டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஏபிஎஸ், கியர்பாக்ஸ் மாட்யூல்கள் கேன் (மாட்யூல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இரட்டை வயர்) வழியாக ஈசியூவிடம் டார்க்கைக் குறைக்கச் சொல்லும் வண்டிகளில் பாதிக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு கேன் ஹை, கேன் லோ இரண்டுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையின் ரெசிஸ்டர் இல்லை. டொனர் வண்டியில் அது விட்டுவந்த ஏதோ ஒரு மாட்யூலுக்குள் இருந்திருக்கும்.

த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தபின் ஐடில் எகிறுகிறது.

ஈசியூ பழைய அழுக்கோடு இருந்த மூடிய நிலையையே நினைவில் வைத்திருக்கிறது. தயாரிப்பாளர் சொன்ன ரீலேர்ன் (மறுபடி கற்பிக்கும்) முறையை ஸ்கேனரில் செய்யுங்கள். நிசானில் மூடிய நிலையைக் கற்பிக்க, பெடலைத் தொடாமல் கீயை ஆன் செய்து, பிறகு ஆஃப் செய்து குறைந்தது 10 நொடி காத்திருந்தால் போதும். மேலே சொன்ன மெயின் ரிலே வயரிங் தவறாக இருந்தால் இது எத்தனை முறை செய்தாலும் பிடிக்காது. கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். ஷாஃப்ட் முனைகளில் நேராக அடித்தால் சென்சார் பக்கம் இறங்கும்.

கம்பெனி ஈசியூவுக்குப் பதில் தனி ஈசியூ போட்ட வண்டியில் வேறென்ன பார்க்க வேண்டும்?

த்ராட்டிலின் குறைந்தபட்ச, அதிகபட்ச கேலிப்ரேஷனை எஞ்சின் ஆஃப் நிலையில், பேட்டரி 12 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்போது மறுபடி எடுங்கள். கேட்ட நிலையையும் வந்த நிலையையும் ஒரே கிராஃபில் வரையுங்கள். பிளேட் இலக்கைத் தாண்டி ஆடி ஆடி நின்றால் கெயின் (பிளேட்டை இலக்குக்கு எவ்வளவு வேகமாகத் தள்ளுவது என்ற செட்டிங்) அதிகம். சோம்பலாகப் போனால் குறைவு. பிழை வரம்பைப் பெரிதாக்கிக் கோடை மறைப்பது எளிது, ஆனால் அது பாதுகாப்பைக் கழற்றுவது.

ஒரே சிக்னலை இரண்டு சென்சார் பின்னுக்கும் கொடுத்தால் கோடு போய்விடும் என்கிறார்களே?

சரிபாதி, கூட்டுத்தொகை, இடைவெளி வகைகளில் நேரடியாகக் கொடுத்தால் போகாது. ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றினால் போகும். அந்த ஒரு சிக்னல் தவறாக மேலே போகும் நாளில் த்ராட்டில் முழுதாகத் திறந்துகொள்ளும், தடுக்க எதுவும் இருக்காது. செய்யாதீர்கள். அதேபோல் கோளாறு தீராத வண்டியைச் சோதிக்க நெரிசலான சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சரியாகிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

கோளாறு வந்த அதே சூழலைத் திரும்ப உண்டாக்குங்கள். ஸ்கேனரில் பெடலின் இரண்டு சிக்னல், த்ராட்டிலின் இரண்டு சிக்னல், பேட்டரி வோல்டேஜ் என ஐந்தை மட்டும் பதிவு செய்யுங்கள்; அதிகம் சேர்த்தால் ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் புதுப்பிக்கப்படும். எஞ்சின் நன்றாகச் சூடானபின் ஃபேன், ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டு, பிரேக்கை மிதித்து மிதித்து விட்டு, இண்டிகேட்டர் போட்டு, ஸ்டியரிங்கை முழுதாக இரு பக்கமும் திருப்பி, பிறகு மேடுபள்ளமான இடத்தில் ஓட்டுங்கள். முடிந்தபின் நிலுவையில் இருக்கும் கோடுகளையும் படியுங்கள்; விளக்கு எரியாவிட்டாலும் அங்கே ஒன்று பதிவாகியிருந்தால், கோளாறு இன்னும் உள்ளே இருக்கிறது.